நெய்தவர் பெயர் எங்கே?

கண்காட்சியில் ஒரு நெசவுப் படைப்பின் பக்கத்தில் வைத்திருக்கும் விவர அட்டையில் நெய்தவர்கள் பெயர் இல்லை. அந்த அட்டையைப் பற்றி இரண்டு நாளாக எல்லோரும் பேசியாகிவிட்டது, இனி நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று என் பதிவின் கீழே ஒருவர் "நெய்தவங்க பேரு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டிருந்தார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அட்டையில் கலைஞர் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, நூல் என்ன வகை என்பதுகூட இருக்கிறது. அப்புறம் "மரபு நெசவின் உந்துதலில் உருவானது" என்று ஒரு வரி. ஆனால் நாலு பேர் ஆறு மாதம் உட்கார்ந்து நெய்தார்கள் என்று தொடக்க நாளில் கலைஞரே சொன்னார். அந்த நாலு பேர் எங்கே? மரபு தறியில் உட்காராது. அறுந்த இழையைப் பிணைக்காது. முதுகு வலிக்கிறது என்று இரவில் புரண்டு படுக்காது. அதையெல்லாம் செய்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மா நெய்தவர். நான் பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவேன், அதாவது நாடாவுக்குள் போகும் சிறு குழலில் நூல் சுற்றுவேன். குறுக்கே போகும் ஊடை நூலில் தப்பு வந்தால் பிரித்து மறுபடி அடிக்கலாம், ஆனால் நீளவாக்கில் ஓடும் பாவிழை ஒன்றை, சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் தப்பான பல்லில் கோத்துவிட்டால் அந்தக் கோடு துணியின் கடைசிவரை கூடவே வரும். ஒருமுறை உதவுகிறேன் பேர்வழி என்று நானே அப்படிக் கோத்துவைத்தேன். அம்மா ஒரு முழம் நெய்த பிறகு பார்த்தார். திட்டவில்லை. நெய்ததை வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கோத்தார். அந்த ஒரு முழத்துக்கும் அந்த நாளுக்கும் கூலி கிடையாது. அவர் நெய்த எதிலும் அவர் பெயர் இருந்ததும் கிடையாது.

அதனால்தான் அந்தப் படைப்பின் முன்னால் நின்றபோது நான் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் தொங்குகிறது, கரை எங்கேயும் உள்ளே இழுக்கவில்லை. அது பழகிய கை.

"சிந்தனை கலைஞருடையது, மற்றவர்கள் கைவேலை செய்தவர்கள்" என்கிறார்கள். சிந்தனை அவருடையதுதான், மறுக்கவில்லை. கீழே பாவிழைகளை நெய்யாமல் அப்படியே தொங்கவிட்டது அழகான யோசனை, எங்கள் வீட்டில் அது கழிவு நூல். ஆனால் கை யோசிக்காது என்று யார் சொன்னது? இத்தாலியக் கலைஞர் அலிகியரோ போயெட்டி 1971 முதல் ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களை எம்பிராய்டரி செய்வித்தார். ஒன்றில் கடல் இளஞ்சிவப்பாக வந்தது, அந்தப் பெண்கள் தங்களிடம் இருந்த நூலில் தைத்துவிட்டார்கள். அதன்பின் கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார் போயெட்டி. இன்று அந்த வரைபடங்கள் அவர் பெயரில்தான் உலகமெங்கும் தொங்குகின்றன. தைத்தவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

"நீ நவீனக் கலைக்கே எதிரி" என்று இன்னொருவர். சத்தியமாக இல்லை. ஜெர்மனியில் பிறந்த நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் படித்த ஜெர்மன் கலைப்பள்ளியான பௌஹவுஸில் பெண்களை நெசவுப் பட்டறைக்குத்தான் தள்ளினார்கள், அவரும் விருப்பமில்லாமல்தான் அங்கே போனார். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் நெசவுக் கலைஞர் அவர். 1965-இல் நெசவைப் பற்றி எழுதிய புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, என் பெரும் ஆசிரியர்கள் என்று சொல்லி. பல நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போனவர்கள், பெயரைத் தேடினாலும் கிடைக்காது, அவர்களையே ஆசிரியர் என்றார். இங்கே நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், போன் போட்டால் எடுப்பார்கள்.

பெயர் போட்டால் கூலி கூடுமா என்கிறீர்கள். கூடாது, தெரியும். அது வேறு சண்டை, அதையும் போடலாம்.

அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். கரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "யாரும்மா நெய்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அட்டையில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். படம் என்னிடம் இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாகத்தான் கிடக்கிறது.