அந்த ஒரு ஸ்க்ரூவுக்காகத்தான் பழைய மெஷினை வாங்கினேன்

போன மாதம் ஒரு பழைய பெட்ரோல் செயின்சா வாங்கினேன். "இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துடுமே, யாரோ ஓட்டித் தேய்ச்சத போய் ஏன் வாங்கின?" என்று வீட்டில் தொடங்கி டீக்கடை வரை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நின்ற இடத்தில் ரெண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பழசு என்றாலே உசத்தி என்று பேசுகிற ஆள் நான் இல்லை. மரம் ஏறுகிற கயிறும் பெல்ட்டும் எங்களிடம் எப்போதும் புதுசுதான். கயிற்றில் போய்ப் பழசு வாங்குகிறவன் உயிரோடு விளையாடுகிறான். செயின்சா விஷயத்தில், எங்கள் ஊரில், எங்கள் வேலைக்கு என் முடிவு இது. அவ்வளவுதான்.

என் வேலை மரம் கழிப்பது. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னைப் பக்கம் முழுக்கச் சுற்றுவோம். நான், என் மச்சான், மரம் ஏறுகிற தம்பி ஒருவன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்றுதான் இந்தத் தொழிலின் அருமை எனக்குப் புரிந்தது. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை எல்லாம் வேரோடு பெயர்ந்து தெருவுக்குத் தெரு கிடந்தன. அப்போது நான் கையாள். கோடாலியும் கை ரம்பமும்தான் என்னிடம். எங்களோடு வேலை செய்த ஒரு பெரியவர் பெயின்ட் எல்லாம் உரிந்துபோன ஒரு மெஷினோடு வந்தார். பத்துப் பதினைந்து நாள், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அது ஓடியது. நடுவில் செயினை அரம் போடுவார், ஃபில்டரைத் தட்டுவார், மறுபடி கயிறு இழுப்பார். ஒரே இழுப்பு.

அப்புறம் நானே தொழில் தொடங்கியபோது காசு குறைவு. 2022ல் ஒரு புது மெஷின் வாங்கினேன். 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), பளபளவென்று ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக். எந்தக் கடை, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். அந்த மாதிரி மெஷின் இன்று பத்துப் பதினைந்து பெயரில் விற்கிறது. ஒரு வருஷம் ஓடியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முதல் நாளிலிருந்தே அதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. முழு ரேஸ் கொடுத்தால் கீச்சென்று கத்தும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு சந்தின் வாயில் வேப்பமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. தண்ணி லாரி உள்ளே வர முடியாமல் தெருவே குடத்தோடு காத்திருக்கிறது. அடிமரத்தில் பாதி அறுத்திருப்பேன். மெஷின் தானாகவே சத்தம் ஏறி ஒரு அலறல் அலறிவிட்டு நின்றது. கயிறு இழுத்தால் அசையவில்லை. மீதியைக் கை ரம்பத்தில் அறுத்து முடித்தபோது இருட்டிவிட்டது. வாங்கிய கடைக்குப் போனேன். தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி கிடையாது என்றார்கள். சரி, காசு தருகிறேன், சிலிண்டரும் பிஸ்டனும் கொடுங்கள் என்றால், அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் பார்ப்பவர். காசிமேட்டு ஃபைபர் போட்டுகளின் அவுட்போர்டு இன்ஜின்களும் அவரிடம்தான் வரும். அவர் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஆணியால் கிழித்த மாதிரி கோடுகள். "பெட்ரோல் பத்தாம எரிஞ்சிருக்கு தம்பி" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் முடிவே இதில்தான் இருக்கிறது. செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ஆயில் நிற்கத் தனியாக சம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே காப்பு. காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போகவில்லை என்றால் சூடு ஏறும். பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறையும். ரெண்டும் சேர்ந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த அளவைத் தீர்மானிப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் ஹெச் என்று போட்டிருக்கிற சின்ன ஸ்க்ரூ. என் புது மெஷினில் அந்த ஸ்க்ரூவின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. கொஞ்சம்தான் திரும்பும், அதற்கு மேல் விடாது. புகை விதிகளுக்காக இப்படி வைக்கிறார்கள். தலை சாதாரண திருப்புளிக்குச் சிக்காது, தனி டூல் வேண்டும்.

நம் பங்க்கில் வருகிற பெட்ரோலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022லேயே எத்தனால் கலப்பு 10 சதவீதம் வந்துவிட்டது, இப்போது 20 சதவீதம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக எரிபொருள் விட வேண்டும். கடைகளில் கிடைக்கும் பல செயின்சாக்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே போட்டிருக்கும். மூடி போட்டுப் பூட்டிய கார்புரேட்டரில் 20 சதவீத பெட்ரோலை ஊற்றி மே மாத வெயிலில் ஓட்டினால், மெஷின் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. விலை அதிகமான சில புது மாடல்களில் கலவையை மெஷினே சரிசெய்யும் எலக்ட்ரானிக் கார்புரேட்டர் இருக்கிறது. நல்ல தொழில்நுட்பம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது கோளாறானால் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் அது கிடையாது.

இப்போது வாங்கியது ஹஸ்க்வர்னா கம்பெனியின் பழைய 272 மாடல். 72 சிசி, பார், செயின் இல்லாமலே ஆறு கிலோவுக்கு மேல் எடை. புழல் பக்கம் ஒரு மரவாடியில் கட்டை துண்டு போட்டுக்கொண்டிருந்தது. 14,000 ரூபாய். அதே வலுவில் புதுசு கேட்டால் மூன்று மடங்கு சொன்னார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டார். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் வலு, போன மெஷின் சர்ரென்று கீழே இறங்கிவிடும். இது ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கியது. பிறகு சைலன்சர். டார்ச் வெளிச்சத்தில் பிஸ்டனின் பக்கத்தில், குறுக்கு வாட்டில் மெல்லிய ரேகைகள் தெரிந்தன. கம்பெனியில் கடைந்தபோது விழுந்த ரேகை, இத்தனை வருஷத்தில் இன்னும் அழியவில்லை. "இத்த பாரு தம்பி, கோடு அப்டியே கீது" என்று என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டினார். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் ஓடவிட்டு, இடது பக்கம், வலது பக்கம், மூக்கு கீழே என்று சாய்த்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் சத்தம் மாறக்கூடாது. மாறினால் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் வழியாகக் காற்று இழுக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதில் மாறவில்லை.

நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். இந்த மெஷின்களின் பாடி மெக்னீசியம். பிளாஸ்டிக் மாதிரி சூட்டில் நெளியாது, கிராங்க்கை அசையாமல் பிடித்திருக்கும். ஆனால் உப்புக் காற்றுக்கு ஆகாது. கிளட்ச் மூடியைக் கழற்றினால் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஓரம் பல வருஷம் கிடந்த மெஷினென்றால் விட்டுவிடுங்கள். நான் வாங்கியது புழலில் இருந்ததால் தப்பித்தது.

மறுநாள் பட்டறையில் அண்ணன் டியூனிங் செய்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டேங்கில் பங்க் பெட்ரோல், லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயில். முழு ரேஸில் வைத்துக்கொண்டு, மூடி இல்லாத ஹெச் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். கீச்சுச் சத்தம் இறங்கி, குரல் தடித்து, பலபலவென்று கரகரத்தது. அந்தக் கரகரப்பு வரும்வரை திறக்க வேண்டும். அப்படியே ஒரு புளியங்கட்டையில் வைத்தார். மரத்துக்குள் பார் இறங்கியதும் கரகரப்பு மறைந்து ஒரே சீரான முழக்கம். கட்டையிலிருந்து எடுத்ததும் மறுபடி கரகரப்பு. பெட்ரோல் போதுமான அளவு போகிறது என்று மெஷின் தன் வாயாலேயே சொல்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு, இந்த ஊர் பெட்ரோலுக்கு, என் கையில் ஒரு திருப்புளியோடு நான் அதற்குப் பதில் சொல்ல முடிகிறது. இதற்குத்தான் காசு கொடுத்தேன்.

பழசில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரைக் கெட்டியாக்கும், உப்பவைக்கும். அதனால் வாங்கிய கையோடு பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டர் டயாஃபிரம் கிட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இந்த மாடலுக்கு எல்லாமே சுலபமாகக் கிடைக்கிறது. பேரிங், ஆயில் சீல் என்றால் பாரிமுனைப் பக்கம் அளவு சொல்லி வாங்கிக்கொள்ளலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் வைக்கிறேன். எடை அதிகம் என்பதால் மரத்தின் மேல் இதைக் கொடுத்து அனுப்புவதில்லை. மேலே கிளைக்குச் சின்ன மெஷின் ஒன்று வேறு இருக்கிறது.

புகையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். புது வகை இன்ஜின்களில் அது நிறையக் குறைந்திருக்கிறது, பெட்ரோலும் மிச்சம். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்குக் காற்றின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கேள்வி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு மெஷினைக் குப்பையில் போடுவதும் இதே மண்ணுக்கு, இதே கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். வீட்டில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா கழிப்பவர்களுக்கு பேட்டரி மெஷினே போதும். அவர்கள் என்னைப் பார்த்துப் பழைய பெட்ரோல் மெஷின் வாங்க வேண்டாம்.

செயின் பிரேக் இல்லாத மெஷினை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பார் முனை கட்டையில் பட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறும். கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்துவது அந்தப் பிரேக்தான். எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஸ்டில், ஹஸ்க்வர்னா ரெண்டு கம்பெனிகளும் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கும் முந்தையது என்றால் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், கையில் எடுக்கக்கூடாது. பிரேக் இருந்தும் அதன் பட்டை தேய்ந்துபோன மெஷின்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. ரேஸ் கொடுத்துப் பிரேக் கைப்பிடியை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் சட்டென்று நிற்க வேண்டும். இழுத்து இழுத்து நின்றால் பட்டையை மாற்றிய பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர்களையும் பாருங்கள். அவை செத்துப்போன மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டி, குளிர் நாளில் விரல் வெளுத்துப்போகிற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. செயினுக்கு வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவதை நிறுத்துங்கள். அதில் இருக்கிற இரும்புத்தூள் பாரையும் ஆயில் பம்பையும் தின்றுவிடும். தெறிப்பது உங்கள் மேலும் அடுத்தவர் வீட்டு வாசலிலும்தான்.

இதுவரை நான்கு பெரிய மரம் அறுத்தாகிவிட்டது. 3/8 செயின், 5.5 மில்லிமீட்டர் அரம், ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் செயினுக்கு அரத்தால் ரெண்டு இழுப்பு. கிராங்க்கின் ஆயில் சீல் ரெண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை வருஷத்தது என்று தெரியாது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் ரெண்டையும் மாற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருப்பேன். செயின்சா வாங்குகிற யோசனையில் இருப்பவர்கள் வந்தால், பிரித்து வைத்திருக்கும்போதே உள்ளே எல்லாவற்றையும் காட்டுகிறேன்.