வரம்புச் சண்டைக்கு நடுவில் போனவர்கள்

இந்தியாவா, சீனாவா? யார் அடித்தால் யார் தாங்கமாட்டார்கள்? எங்கட வாட்ஸ்அப் குழுவில் பொடியன்மாருக்குள் இரண்டு நாளாக இதே பேச்சு. ஒருவன் ஏவுகணைப் படம் போட்டால் மற்றவன் போர் விமானத்தைப் போடுகிறான். மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நெஞ்சு பதறுகிறது.

1962 ஒக்டோபர் 20. லடாக்கிலும் இன்றைய அருணாசலப் பிரதேசத்திலும் ஒரே நாளில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சண்டை மூண்டது. கிழக்கே, 1914இல் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி மக்மகன் இழுத்த எல்லைக்கோட்டைச் சீனா ஏற்கவில்லை. மேற்கே, இரண்டு நாடும் உரிமை கோரிய அக்சாய் சின்னுக்குள்ளால் சீனா 1957இல் வீதி போட்டு முடித்திருந்தது. ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீற்றர். புல்கூட முளைக்காத இடம் என்று நேருவே சொன்ன நிலம்.

அந்தக் குளிர்மேட்டில் ரெசாங் லா என்றொரு கணவாய். நவம்பர் 18 அங்கே நின்ற இந்தியப் படையினர் சுமார் 120 பேர். பெரும்பாலும் ஹரியானாச் சமவெளியில் வயல் செய்த குடும்பத்துப் பிள்ளைகள். நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மூன்று நாளில் யுத்த நிறுத்தம் வந்துவிட்டது. ஆனால் உடல்களைக் கண்டெடுத்தது அடுத்த பெப்ரவரியில், பனியில் உறைந்த நிலையில். சிலர் கையில் இன்னும் துவக்கு இருந்ததாம். அந்த மூன்று மாதமும் அவர்களுடைய தாய்மார் எப்படி இருந்திருப்பார்கள் என்று மட்டக்களப்பில் யாருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1962 டிசம்பரில்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையார் பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா நாடுகளைக் கொழும்புக்கு அழைத்தார். மேற்கில் சீனப்படை 20 கிலோமீற்றர் பின்வாங்க வேண்டும், அந்த இடத்தில் இரண்டு தரப்பும் படை வைக்கக்கூடாது என்று யோசனை எழுதினார்கள். 1963 ஜனவரியில் அவரே அதை எடுத்துக்கொண்டு பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் போனார். இந்தியா ஏற்றது, சீனா நிபந்தனை போட்டது, பேச்சு நகரவில்லை.

இதே அம்மையாரின் அரசுதான் 1961இல் இலங்கையின் வடக்கு கிழக்கில் கச்சேரிகளுக்கு, அதாவது அரச செயலகங்களுக்கு, முன்னால் சத்தியாக்கிரகம் இருந்த எங்கட ஆட்களின்மேல் அவசரகாலச் சட்டம் போட்டது. தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தது. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. அந்தச் சத்தியாக்கிரகத்தில் இருந்த பெரியப்பாவிடம், அம்மையார் சமாதானம் பேசப் போனது சரியா என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட சொல்லை அவ கேக்கல்ல மனே. ஆனா அங்க போனது சரிதான். வரம்பை வெட்டினா வயல் பாக்கிற வட்டவிதானை ரெண்டு வீட்டுக்கும் போறல்லயா? ஒரு வீட்டுக்காரன் கதவைச் சாத்தினா, போனது பிழையா?"

2020இல் அதே லடாக் எல்லையில், கல்வான் பள்ளத்தாக்கில் சீனப்படையோடு மோதி இறந்த இந்தியப் படையினர் 20 பேர். கல்லாலும் தடியாலும் அடித்துக்கொண்ட சண்டை அது. அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துத் தமிழர்.

தம்பிமாரே, அந்தப் படங்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.