எது பொய் என்று காட்டுங்கள்

ஞாயிறன்று காரைக்குடிக் கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நம் நகரத்தார் சமூகத்து மூத்த எழுத்தாளர் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். சிறுவயதில் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைய ஆசைப்பட்டு அப்பச்சியிடம் (அப்பாவிடம்) அடி வாங்கியதையும், ஆத்தா இறந்த அன்று "ஆண்பிள்ளை அழலாமா" என்று பங்காளிகள் அதட்டியதையும் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் ஓர் ஆண் எழுதலாமா என்று மேடையிலேயே கேட்டார்கள். கைதட்டலும் விழுந்தது.

எழுதியது பொய்யா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடல் கடந்து பொருள் தேடிய ஆண்களைக் கேவலப்படுத்துகிறார் என்கிறீர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் குடும்பத்தைக் கூட்டிப் போகும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. நம்மவர் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் உலை வைத்ததும் காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுத்ததும் ஆண்கள்தான். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்து அவர்கள் திரும்பும்வரை இங்கே வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார். அங்கே சரியாக இருந்தது இங்கே வீட்டு வளவுக்குள் வந்ததும் எப்படித் தப்பாகும்?

என் ஐயா (தாத்தா) வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மா போய், 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஊர் திரும்பியவர். வெள்ளைப் பணியார மாவின் பதம் ஆயாவை (பாட்டியை) விட அவருக்குத்தான் அத்துபடி. வீட்டின் உட்பக்கம், இரண்டாங்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் நறுக்குவார். வாசலில் யாராவது செருமினால் போதும், ஆயா அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். ஐயா விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு முகப்புக்குப் போய்விடுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவு பழகிப்போயிருந்தது. கடைசிவரை அந்த மனிதர் ஒளித்தே வாழ்ந்தார். திருடவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. வெங்காயம் நறுக்கினார், அவ்வளவுதான். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"பெண்கள் பட்டதைவிடவா?" என்று தோழிகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் பட்ட அந்தத் துன்பத்துக்குக் காரணமான அதட்டலைத்தான் அவரும் எழுதியிருக்கிறார்.

"வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவரலாமா?" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கல்யாணத்தில் பெண் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்து ஊரையே அழைத்துக் காட்டுகிறோமே, அது வீட்டு விஷயம் இல்லையா? எவர்சில்வர் அண்டாவைக் காட்டலாம், ஒரு பையன் அழுததைக் காட்டக்கூடாதா?

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை நீக்கச் சொல்லி அவருக்குப் போன் மேல் போன் போகிறதாம். அண்ணே, ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள். எடுக்கச் சொல்கிறவர்கள் எந்தப் பக்கத்தில் எது பொய் என்று முதலில் காட்டட்டும்.