யூலியுஸ் ஹிர்ஷை முதலில் அழித்தது கால்பந்து உலகம்தான்

ஜெர்மனியின் தேசியக் கால்பந்து அணியில் ஆடிய முதல் யூதர்களில் ஒருவரான யூலியுஸ் ஹிர்ஷைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய மரணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1912 மார்ச் 24 அன்று நெதர்லாந்தின் ஸ்வோல் நகரில் 5-5 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில், இருபது வயதுகூட நிறையாத அந்த இடதுகால் ஆட்டக்காரர் தனியொருவராக நான்கு கோல்களை அடித்தார். கார்ல்ஸ்ரூ கிளப்புடன் 1910-லும் ஃபியூர்த் கிளப்புடன் 1914-லும் தேசியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். பின்னர் முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி இரும்புச் சிலுவை வீரப்பதக்கம் பெற்றார். அதே போரில் அண்ணன் லியோபோல்டைப் பறிகொடுத்தார்.

1933 ஏப்ரலில், தென்ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் யூதர்களை விளையாட்டிலிருந்து விலக்கும் நடவடிக்கைகளில் ஒத்துழைப்பதாகத் தாமாகவே அறிவித்தன. அந்தப் பட்டியலில் தம் கார்ல்ஸ்ரூ கிளப்பின் பெயரும் இருப்பதை ஹிர்ஷ் செய்தித்தாளில்தான் படித்தார். 1902 முதல் உறுப்பினராக இருந்த கிளப்பிலிருந்து கனத்த மனத்துடன் விலகுவதாக அன்றே கடிதம் எழுதிய அவர், நாட்டுக்காக இரத்தம் சிந்திய ஜெர்மானிய யூதர்களையும் அதில் நினைவூட்டினார். இத்தனைக்கும் அந்தக் கிளப்பைத் தொடங்கிய வால்டர் பென்ஸமானே ஒரு யூதர்தான். அவரே நிறுவிய 'கிக்கர்' இதழ் 1939-இல் வெளியிட்ட தேசிய வீரர்களின் படத்தொகுப்பில், ஹிர்ஷுக்கும், 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல்கள் அடித்த அவருடைய நண்பர் கோட்ஃபிரீட் ஃபுக்ஸுக்கும் இடமில்லை.

1943 மார்ச் 1 அன்று ஹிர்ஷ் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார். வழியில் டோர்ட்முண்டிலிருந்து மகளுக்கு அஞ்சலட்டை அனுப்பினார். தாம் நலமாக இருப்பதாகவே அதில் எழுதியிருந்தார். ஆஷ்விட்சிலிருந்து அவர் திரும்பவில்லை.

இதை நாஜிகளின் குற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. போர் முடிந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, கனடாவில் வாழ்ந்த ஃபுக்ஸை 1972-இல் அழைத்துக் கௌரவிக்குமாறு ஜெர்மன் தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கர் கேட்டபோது, ஜெர்மன் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. 2005 முதல் அதே சங்கம் ஹிர்ஷின் பெயரில் விருது வழங்கிவருவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மேடையில் அவர் கொல்லப்பட்ட கதையோடு, அந்த நான்கு கோல்களும், 1933-இன் அறிவிப்பும், 1972-இன் மறுப்பும் ஆண்டுதோறும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.