“மெஷ் கருவி இருந்தால் டவரே வேண்டாம்”: உண்மை என்ன?

“உள்ளங்கை அளவு லோரா கருவி ஒன்று போதும், புயலில் டவர் சாய்ந்தாலும் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வாட்ஸ்அப் போலப் பேசலாம், படம் அனுப்பலாம்” என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. 2018 நவம்பரில் கஜா புயலால் தொடர்பறுந்து தவித்த ஊர்கள் இதை நம்பி ஏமாறக் கூடாது.

லோரா என்பது சிறு தகவலைக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை. அந்தக் கருவிகளை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் வலையாக (மெஷ்) இணைக்கும் மென்பொருள் மெஷ்டாஸ்டிக். இந்த மெஷ்டாஸ்டிக் கருவிகளில் பேச முடியாது, படமும் போகாது. எழுத்து மட்டும்தான், அதுவும் ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட். யூனிகோடின் UTF-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கீ’ என்றால் ககரமும் துணைக்குறியும் சேர்ந்து 6. ஆக, நாற்பது எழுத்துக்குள் விஷயம் முடிய வேண்டும். “முகாம் 3, 120 பேர், குடிநீர் இல்லை.” புயல் ஒத்திகையில் இப்படி எழுதிப் பழகுங்கள்.

சமவெளிதானே, அலை தடையில்லாமல் ஓடும் என்பது பாதி உண்மை. தென்னந்தோப்புக்குள் இடுப்புயரத்தில் பிடித்தால் ஒரு கிலோமீட்டரே சந்தேகம். அதே கருவியைப் புயல் பாதுகாப்பு மைய மாடியில், ஆன்டெனா செங்குத்தாக நிற்க வைத்தால் பல கிலோமீட்டர் எட்டும். செய்தி கருவிக்குக் கருவி தாவுவது வழக்கமான அமைப்பில் 3 முறை, கூட்டினாலும் 7தான்.

ஆன்டெனாவைத் திருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள். இல்லையேல் ரேடியோ பகுதி கெடலாம். கருவியின் அமைப்பில் மண்டலம் (region) இந்தியா என்று இருக்க வேண்டும், அதாவது 865–867 மெகாஹெர்ட்ஸ். சேனல் பெயரும் செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தக் கருவிக்குச் செய்தி புரியாது.

முக்கியமாக, குழுச் செய்திக்கு டிக் வந்தால் பக்கத்துக் கருவி ஒன்று அதைத் திருப்பி அனுப்பியது என்றுதான் அர்த்தம். முகாமில் யாரும் படித்தார்கள் என்றல்ல. “14 கிடைத்தது” என்று செய்தி எண்ணோடு பதில் கேட்டு வாங்குங்கள்.