டேங்க் நிறைஞ்சா போனுக்குச் சொல்லுமாம்!

மாடி டேங்க் வழிஞ்சா பக்கத்து வீட்டு மாமி "தண்ணி போவுது"ன்னு குரல் கொடுப்பாங்க. 20 வருஷமா எங்க வீட்டு சென்சார் அதுதான். சார்ஜும் வேணாம், வைஃபையும் வேணாம். எனக்குத்தான் கை சும்மா இருக்கல.

டேங்க் நிறைஞ்சா மோட்டாரை நிறுத்தி, போனுக்கும் சொல்ற கருவியை நானே செய்யக் கிளம்பினேன். ஒரு ஈஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்), எதிரொலியை வச்சு தண்ணி மட்டம் அளக்கற ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், மோட்டாரை ஆன்-ஆஃப் பண்ற சுவிட்சா ஒரு ரிலே. "அரை நாள் வேலை"ன்னு வீடியோவுல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அவர் வீட்டுத் தண்ணி ஆவியே ஆகாது போல! இங்க மூடிக்கு அடியில வேர்த்து, சென்சார்ல சொட்டு கட்டி, காலி டேங்கை 'ஃபுல்'ங்குது. சரின்னு வாட்டர்ப்ரூஃப் சென்சார் வாங்கினேன். அதுக்கு 20 செ.மீ.க்கும் கிட்ட தண்ணி வந்துட்டா கண்ணே தெரியாதாம். டேங்க் நிறையறதே அந்த 20 செ.மீ.லதானேய்யா!

ரிலேல '10 ஆம்பியர்'னு அச்சடிச்சிருக்கு. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும்னு எவனாவது அச்சடிச்சானா? ரிலேக்குள்ள சுவிட்ச் பாயின்ட் ஒட்டிக்கிச்சு. ஆப்ல 'ஆஃப்', மாடியில அருவி.

ரவுட்டர் கீழே ஹால்ல. நடுவுல ரெண்டு கான்கிரீட் தளம். சிக்னல் என்ன படியேறியா போகும்? நான்தான் ஏறறேன். "ஏங்க, தண்ணி எவ்வளவு இருக்கு?"ன்னு வீட்டுல கேட்டா ஆப் சுத்திக்கிட்டே இருக்கு, நான் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கறேன். இதுக்கா 3,000 ரூபாய்?

நேத்தும் போன் கம்முன்னுதான் இருந்துச்சு. மாமி குரல்தான் வந்துச்சு.