ஃபைவ் பாயின்ட்ஸ் தீர்ப்பு சொன்னது அதுவல்ல

"சுவரில் யார் எதை வரைந்தாலும் கலைதான், அழித்தால் நஷ்டஈடு தரணும் என்று நியூயார்க் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தீர்ப்பு அப்படிச் சொல்லவே இல்லை.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், சுவரெல்லாம் ஓவியங்களாக இருந்த ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் வரைந்தவர்கள் ராத்திரியில் சுவரேறிக் குதித்தவர்கள் இல்லை. உரிமையாளரே அனுமதி கொடுத்திருந்தார். எந்தச் சுவரில் யார் வரைவது என்று பார்த்துக்கொள்ள ஓர் ஓவியர் பொறுப்பில் இருந்தார். அப்படி அனுமதியோடு வரைந்த ஓவியங்களைப் பற்றியதுதான் இந்த வழக்கு.

கட்டடத்தை இடிக்க ஓவியர்கள் தடை கேட்டபோது 2013-இல், பின்னால் இந்தத் தீர்ப்பைச் சொன்ன அதே நீதிபதி மறுத்துவிட்டார். ஆனால் உரிமையாளர் இடிப்பு அனுமதிக்குக்கூடக் காத்திருக்காமல், முன்னறிவிப்பே இல்லாமல் ஓர் இரவில் வெள்ளையடித்தார். அதுவும் மட்டமான பெயின்டை மெல்லிசாகப் பூசி! பெயின்டுக்கு அடியில் இருந்த ஓவியங்கள் அரைகுறையாகத் தெரிய, அந்தப் பக்கமாக ஓடும் ஏழாம் எண் ரயிலில் போகிறவர்கள் எல்லாம் அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது.

வழக்கில் இருந்த 49 ஓவியங்களும் தானாகத் தேறிவிடவில்லை. ஓவியர்களின் படைப்புகளை அழிவிலிருந்து காக்கும் அமெரிக்கச் சட்டம் (VARA) ஒன்று உண்டு; அதன்படி ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 45-க்குத்தான் 'அங்கீகாரம் பெற்ற தகுதி' (கலை உலகம் மதிக்கும் தரம்) உண்டு என்றது கோர்ட். 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கிடைத்தது 2018-இல்.

அனுமதி இல்லாமல் வரைந்தால்? 1997-லேயே நியூயார்க்கில் இன்னொரு வழக்கு: பிறர் இடத்தில் அனுமதியின்றி வரைந்த சுவரோவியங்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்றுதான் தீர்ப்பானது.